பெரியப்பாவின் நடைக் கணக்கு

மதுக்கரை
14-7-1996

அன்புள்ள விசாலம் அக்காவுக்கு சாந்தாமணி எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் இங்கே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகைகளில் விலாசம் எழுதியதைத் தவிர நான் உங்களுக்கு எதுவும் எழுதியதில்லை. இதையும் எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். மச்சானும் குழந்தைகளும் சுகமா? பம்பாயில் மழை பிடித்துவிட்டதா?

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிங்காநல்லூரில் ஓர் அறக்கட்டளை, மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கியிருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய நாற்பது பேர். வாராவாரம் செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தம் பார்க்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வருகிறார். இதைத் தவிர ஒவ்வொருவருக்கும் ஜப்பானில் செய்த ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறோம். தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று எண் காட்டும்; ஏழு நாள் கணக்கும் அதிலேயே பதிவாகி இருக்கும். அந்த எண்களை நான் எழுதி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். கணக்கில் பி.எஸ்ஸி. படித்ததற்கும், அப்பா கடன் சொல்லிச் சேர்த்துவிட்ட ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸுக்கும் சேர்த்து இந்த வேலை. மதுக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

எதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால், அந்த நாற்பது பேரில் உங்கள் அப்பாவும் ஒருவர். பெரியப்பாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை இருப்பதால் டாக்டரே அவர் பெயரைச் சேர்த்தார்.

கருவி கொடுத்த அன்று, பெரியப்பா தனியாகக் குடியிருக்கும் மில் லைன் வரிசை வீடுகள் முழுவதும் கூடிவிட்டன. எனக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. கருவியை எப்படி உபயோகிப்பது என்ற குறிப்பை எப்படியோ படித்து முடித்தேன். பெரியப்பா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மிஷின்ல நூல் ஓட்டங் காட்ட ஒரு மீட்டர் இருக்குமே, அதாட்டத்தானுங்களா அம்மணி?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எல்லோரும் அதை மீட்டர் என்றே சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள், "இத வெச்சா ஒடம்பு எளைக்குமுங்களா?" என்று கேட்டார். பெரியப்பாவின் சிநேகிதர் மயில்சாமி மாமா, "உங்களுக்கு எங்கீங்க எளைக்கும்? மீட்டருதான் பாரந்தாங்காம நின்னு போகும்" என்றார். அந்த அம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு விரட்டியதில் அவருக்கு அன்றைக்கே நூறு அடி ஏறியிருக்கும்.

மாதாமாதம் ஒவ்வொருவர் நடையையும் ஒரு கோடாகத் தாளில் அச்சடித்து எடுக்கலாம். நீங்கள் விரும்பினால் பெரியப்பாவுடையதை அனுப்புகிறேன். விருப்பமில்லை என்றால் இந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை,
சாந்தாமணி


டோம்பிவிலி
29-7-1996

அன்புத் தங்கை சாந்தாமணிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும் என் வணக்கம். மறக்கச் சொல்கிறாயே, நல்ல பெண் நீ! நம் குடும்பத்தில் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவள்.

தாளைக் கட்டாயம் அனுப்பு. அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. கடிதம் போட்டால் பதில் வராது. பக்கத்துக் கடைக்குப் போன் செய்து கூப்பிடச் சொன்னால் வந்து நின்று, "நல்லாருக்கேன், வெச்சுரு" என்பார். போன வருடம் இங்கே வந்தவர் பதினொன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் இப்போதெல்லாம் எழுதுவதில்லை.

நீ எனக்கு ஒன்று செய். எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் அவருக்கு முடியவில்லை என்று அர்த்தம். உடனே எழுது. நான் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். லைன் வீட்டை ஒப்படைத்துவிடலாம். நான் இப்படிக் கேட்டேன் என்று அவரிடம் சொல்லாதே.

அக்கா,
விசாலம்


மதுக்கரை
25-8-1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் சளி. உங்கள் வீட்டில் எல்லோருடைய உடம்பும் எப்படி?

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்தால் உங்களுக்குக் கவலையாகத்தான் இருக்கும். பெரியப்பாவின் சராசரி ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது அடி. கேட்டால், "செருப்புக் கடிக்குது கண்ணு, வேறொண்ணுமில்ல" என்கிறார். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. அழுத்தமும் சரியாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் மேனேஜர் மருதாசலம் சார் புது விதி ஒன்று தட்டச்சு செய்து கொடுத்தார். மூன்று வாரம் தொடர்ந்து இரண்டாயிரத்துக்குக் கீழே நடப்பவர்களின் பெயரை எடுத்துவிட்டு, காத்திருக்கும் வேறு ஆட்களைச் சேர்ப்பார்களாம். பெயரை எடுத்தால் டாக்டரும் இலவச மாத்திரையும் கிடையாது. "உபயோகப்படுத்தறவங்களுக்குத்தானேம்மா கொடுக்கணும்?" என்றார். முடியாதவர்களுக்குத்தானே டாக்டர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. சொல்ல வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். போன செவ்வாய்க்கிழமை அதை லைனில் எல்லோர் முன்னாலும் படித்ததும் நான்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கக்கா ஏதாச்சும் கேட்டு எழுதுனாளா?" என்றார். சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் நேராகக் கேட்டபோது எனக்குப் பொய் வரவில்லை. இரண்டாயிரம் என்று நீங்கள் வைத்த எல்லையைச் சொல்லிவிட்டேன். "அவளுமா" என்று மட்டும் சொன்னார்.

என்மேல் கோபப்படாதீர்கள்.

சாந்தாமணி


டோம்பிவிலி
6-9-1996

சாந்தாமணிக்கு,

சுகம். சின்னம்மாவுக்குச் சளி விட்டதா?

சொல்லாதே என்றால் சொல்லிவிடுவதா? சரி, போகட்டும். ஆயிரத்து முந்நூற்றைம்பது என்பது எவ்வளவு தூரம்? நான் மார்க்கெட்டுக்குப் போய் வந்தாலே அதைவிட அதிகம் இருக்கும் போலிருக்கிறதே. எனக்குத் தூக்கமில்லை. டிக்கெட் விசாரிக்கச் சொல்லி மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த தாள் வந்ததும் முடிவு செய்கிறேன். சீக்கிரம் அனுப்பு.

விசாலம்


மதுக்கரை
24-10-1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மச்சானும் குழந்தைகளும் நலமாக இருக்கவேண்டும். அம்மாவுக்குச் சளி போய்விட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும். நல்ல சேதியோடு எழுதலாம் என்றுதான் இரண்டு மாதத் தாளையும் சேர்த்து வைத்திருந்தேன்.

பாருங்கள், பெரியப்பாவின் கோடு எப்படி ஏறியிருக்கிறது என்று! செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நான்காயிரம். இந்த மாதம் ஆறாயிரத்து எண்ணூறு. நான் அந்த எண்ணை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மில் கேன்டீன்காரரிடம் சொல்லி ஒரு கான்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறார். வெள்ளை ஷூ, வேட்டி. லட்சுமியம்மாள், "மாப்பிள்ளை எங்க கெளம்பீட்டாப்ல?" என்று கேலி செய்கிறார். அந்த அம்மாளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அவருக்கும் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. விதி படித்த பிறகு ஒருவர் பெயரைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் வீணாகப் பயந்தேன் போலிருக்கிறது.

ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மருதாசலம் சார் பொரி கடலை கொடுத்து, "உங்க பீல்டு ஒர்க்குதாம்மா காரணம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பா அதை அம்மாவிடம் நாலு தடவை சொல்லச் சொன்னார். டாக்டரும் பெரியப்பாவின் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பிரமாதம்" என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? இனி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
சாந்தாமணி


டோம்பிவிலி
6-11-1996

என் தங்கமான தங்கச்சிக்கு,

தீபாவளி வாழ்த்து. உனக்குச் சேலை அனுப்ப நினைத்தேன், முடியவில்லை.

டிக்கெட் எடுக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மச்சான்கூட, "மாமனார் என்னைவிட அதிகமா நடக்கறார்" என்றார். கீழ்வீட்டு மராத்திக்காரம்மா இது என்ன படம் என்று கேட்டாள். என் அப்பா நடக்கிறார் என்றேன்.

நீ இருக்கிறாய் என்கிற தைரியம் எனக்கு. அவரைப் பார்க்காமல் இருந்துவிடாதே.

விசாலம்


மதுக்கரை
8-12-1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கவேண்டும்.

நவம்பர் மாதத் தாள் இத்துடன். மூன்றாம் வாரத்தில் கோடு மிகவும் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இங்கே விடாமல் மழை. மயில்சாமி மாமாவுக்கும் ஒரு வாரம் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது. கோடும் சரியாகிவிட்டது.

வேறு ஒன்று எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சாந்தாமணி


டோம்பிவிலி
27-12-1996

சாந்தாமணிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி? ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட கடிதத்தில் எந்த பஸ்ஸுக்கு அம்மணி நேரமாயிற்று? என்ன எழுத நினைத்தாய்? பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

விசாலம்


மதுக்கரை
21-1-1997

அக்கா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா உயிருக்கு ஆபத்தில்லை. தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் "காலில் புண், அறுவை முடிந்தது, நலம்" என்பதற்கு மேல் எழுத முடியவில்லை. நேற்று இட்லி சாப்பிட்டார். அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். மீதியை நிதானமாகப் படியுங்கள். படித்த பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் முதல் வாரம் நாற்பது பேருடைய கோடுகளையும் ஒரே தாளில் அச்சடித்தேன். எட்டுக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. திங்கட்கிழமை எல்லாம் ஏறுகின்றன, வெள்ளிக்கிழமை எல்லாம் இறங்குகின்றன. மயில்சாமி மாமாவுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் எட்டும் தரைக்கு வந்துவிட்டன. காய்ச்சல் ஒருவருக்குத்தான். அந்த எட்டில் பெரியப்பாவின் கோடும் ஒன்று.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, விடியும்போது சிங்காநல்லூர் குளக்கரையில் போய் நின்றேன். மயில்சாமி மாமா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தனியாக வேகமாக நடந்து வந்தார். அவர் இடுப்பில் அகலப் பச்சை பெல்ட் கட்டுவார் இல்லையா, அதைச் சுற்றி வரிசையாக எட்டு மீட்டர்கள். என்னைப் பார்த்ததும் நின்றார். ஒளிக்கவில்லை.

"ஏனுங் மாமா, இதென்னங்க?" என்றேன்.

"இது உங்க பெரியப்பன் சைடு. இது லட்சுமியம்மா சைடு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "மில்லுல ஒருத்தனுக்கு ஒடம்பு முடியலீன்னா, பக்கத்து மிஷின்காரன் அவன் ஓட்டற சைடையும் சேத்து ஓட்டிப்போடுவான் அம்மணி. மீட்டரு நிக்கப்படாது. நின்னா மேஸ்திரி வந்துருவான். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் பொழைச்சோம். நீ அந்தத் தாளப் படிச்சியல்லோ, அன்னைக்குச் சாயங்காலமே பேசி முடிவு பண்ணிப்போட்டோம்."

"இது உங்க நல்லதுக்குத்தானுங்க மாமா. பொய்க் கணக்கு வந்தா டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

"மேஸ்திரியும் அதையேதான் சொல்லுவான், உங்க நல்லதுக்குன்னு" என்று சிரித்தார். "இங்க மேஸ்திரி நீதான் கண்ணு. வெசனப்படாத. நீ நல்ல மேஸ்திரி."

அவர் என்னைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அந்நேரத்திலேயே காலில் ஷூ. என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "ஆபீஸ்ல சொல்லிக்கோ, பேரை எடுத்துக்கட்டும். உங்கக்காளுக்கு மட்டும் எழுதிப்போடாத கண்ணு. எழுதுனா அடுத்த ரயில்ல ஏத்தீருவா" என்றார். கால் வலியா என்று கேட்டேன். "வலியே இல்ல" என்றார். அது உண்மை. சர்க்கரையில் கால் மரத்து வலி தெரியாமல் போவதுதான் வியாதி என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் எட்டுப் பேருக்கும் மாத்திரை நின்றுவிடும். என் வேலையும் போகும், பொய் எண்களை ஏற்றியது நான்தானே. உங்களுக்கும் எழுதவில்லை. பெரியப்பாவுக்காக என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காக. இப்படி ஐந்து வாரம் போயிற்று. செவ்வாய்தோறும் அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். எண் சரியாக இருந்தது, எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு நாளாவது குனிந்து பாதத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி ஏழாம் தேதி அவர் வீட்டுக்குள் ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தி வைத்திருந்தார். அதையும் மீறி ஒரு வாடை. "ஷூவைக் கழட்டுங்க பெரியப்பா" என்றேன். "அதெதுக்கு" என்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து நானே கழற்றினேன். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப் போயிருந்தன. ஜூலையில் செருப்புக் கடித்த புண் அது. அந்தப் புண்ணை மூடத்தான் ஷூ.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மயில்சாமி மாமா முன்னால் டிரைவரை ஒட்டி உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "நான் நடந்ததுனாலதான அம்மணி அவன் உக்காந்துட்டான்?" என்றார். நான் சக்கர நாற்காலி கேட்க உள்ளே ஓடினேன். உங்களால் இல்லை என்று சொல்லிவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

ஊசி மருந்தில் ஒரு வாரம் பார்த்தார்கள். பொங்கலுக்கு மறுநாள் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

மருதாசலம் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சாந்தாமணி


டோம்பிவிலி
30-1-1997

சாந்தாமணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. முதல் நாள் உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அப்பா எப்படி இருக்கிறார்? புண் ஆறுகிறதா? சித்தப்பா தூங்குகிறாரா?

பிப்ரவரி 22-ம் தேதி கிளம்பி வருகிறேன். 26-ம் தேதி அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறேன். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. லைன் வீட்டைக் காலி செய்ய சித்தப்பாவிடம் சொல்லி வை.

ஒன்று சொல்கிறேன். உன்னிடம் மட்டும். எங்களுக்கு இங்கே ஓர் அறையும் சமையலறையும்தான். இதை நான் ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. பம்பாயில் வீடு என்றால் எல்லோரும் ஏதேதோ நினைத்துக்கொள்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக என் மாமியார் படுத்த படுக்கை. இருப்பது ஒரே கட்டில். அப்பா வந்தால் எங்கே படுப்பார் என்று நான் யோசிக்காத நாளில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கூட்டிக்கொண்டு வருகிறேன், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு, வரவேண்டியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

அறுபத்தெட்டு வயதுச் சர்க்கரைக்காரர், காலில் செருப்புக் கடிக்கிறது என்றவர், ஒரே மாதத்தில் ஆறாயிரம் அடி நடக்கிறார் என்றால் யாருக்கும் சந்தேகம் வரவேண்டும். எனக்கு வந்தது. தாளைச் சுவரில் ஒட்டும்போதே வந்தது. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று நான் கேட்கவில்லை. உனக்குத்தான் பொய் வராதே.

ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். ஒரே பெண் இருந்தும் விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

விசாலம்


மதுக்கரை
6-2-1997

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பெரியப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். புண் ஆறுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறார். கம்பை ஊன்றிக் கொல்லைக்குப் போய் வருகிறார். அப்பா நன்றாகத் தூங்குகிறார், பெரியப்பாவின் குறட்டையையும் தாண்டி. மச்சானையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரின் உடம்பை இத்தனை நாள் நான் விசாரிக்கவே இல்லை. அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

என் வேலை மார்ச் வரைக்கும் உண்டு. அதற்கப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மீட்டர்களையெல்லாம் திருப்பி வாங்கி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பெயர் எடுக்கும் விதியை மருதாசலம் சார் ரத்து செய்துவிட்டார். மேலே யாரிடமோ நிறையப் பேச்சு வாங்கினார் என்று கேள்வி. செவ்வாய்க்கிழமைகளில் நான் இப்போது எல்லோருடைய பாதத்தையும் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே இன்னொருவருக்குக் குதிகாலில் வெடிப்பு இருந்ததைப் பார்த்து டாக்டரிடம் அனுப்பினோம். லட்சுமியம்மாள் காலை நீட்ட அரை மணி நேரம் வெட்கப்பட்டார். மயில்சாமி மாமா தினமும் இரண்டு பஸ் மாறி இங்கே வந்து பெரியப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. நேற்று, "எங்கூட்டுல ஒரு ரூம்பு சும்மாதான கெடக்குது" என்று மாமா சொன்னார். பெரியப்பா, "உன்ற சமையலச் சாப்புட்டா மிச்சமிருக்கற எட்டு வெரலும் போயிரும்" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைனிலேயே இருந்தால் நானும் செவ்வாய்தோறும் பார்ப்பேன்.

அக்கா, நீங்கள் உங்கள் வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு அது புதிதாக இல்லை. டிசம்பரில் பெரியப்பா என்னிடம் சொன்னதில் பாதியைத்தான் உங்களுக்கு எழுதினேன். மீதி இது:

"அங்க ஒரே கட்டிலு கண்ணு. அதுல சம்மந்தியம்மா படுத்திருக்கு. நான் போயிருந்தப்ப எனக்கு ஹால்ல எடங் குடுத்துட்டு, எம்புள்ள பதினோரு நாளும் சமையக்கட்டுல, காலை மடக்கிட்டுப் படுத்துது. நீட்டுனா சிலிண்டர் இடிக்கும். அதைப் பாத்துட்டு நான் எப்படீம்மா அங்க இருப்பேன்? சொன்னா வெசனப்படுவா. நான் கோவத்துல வந்துட்டேன்னே நெனைச்சுக்கட்டும்."

இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அவர் சொன்னதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். இந்த ஒரு தடவைதான். இனி உங்கள் சேதியை அவருக்கும் அவர் சேதியை உங்களுக்கும் நான் சுமந்துகொண்டு போக மாட்டேன். போன தடவை சுமந்ததில் என்ன ஆயிற்று என்று தெரியும். நேற்று உங்கள் டிக்கெட் விஷயத்தை அப்பா அவரிடம் சொன்னார். "சரி, போறேன்" என்றார். அதற்கப்புறம் ஒரு வாய் சாப்பிடவில்லை. லைன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைவிட மூத்தவர் நீங்கள். கேட்பதற்கு மன்னித்துவிடுங்கள்.

வருகிற 16-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்கள் தெரு முனையிலுள்ள போன் கடைக்குக் கூப்பிடுங்கள். எண்ணை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். பெரியப்பாவைக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டு நான் வெளியே நிற்பேன். கால் எப்படி என்று கேட்காதீர்கள், அதை டாக்டர் சொல்வார். எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லுங்கள். அவர் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று அவரையே கேளுங்கள். எடுத்தவுடன் "நல்லாருக்கேன், வெச்சுரு" என்பார். அப்புறம் ஒன்றும் பேச மாட்டார்.

வைத்துவிடாதீர்கள் அக்கா.

சாந்தாமணி